முகூர்த்தம் தேவைப்படாதவர்கள்

பேரி ஆற்றின் குறுக்கே தொங்குபாலம் கட்டப் பதினான்கு மாதம் பிடித்தது. அதைப் பூட்ட ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

ஜேட் மாதக் கடைசியில், மழைக்காலத்துக்கு முன்பு, இன்ஜினியர் கடைசி மரையைத் திருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். மறுநாள் சுப நேர நிர்ணய அலுவலகத்தின் மாவட்டக் கிளையிலிருந்து இரண்டு பூட்டும், தன்பீர் என்றொரு காவலாளியும், ஒரு கடிதமும் வந்து சேர்ந்தன. கடிதத்தில் இருந்தது ஒரே வரி: "அலுவலகம் நல்ல நேரம் குறித்துத் திறந்து வைக்கும்வரை மேற்படி பாலம் கட்டப்படாததாகவே கருதப்படும்."

கட்டப்படாத அந்தப் பாலத்தை ராத்தமாட்டா ஊர்க்காரர்கள் இருநூற்றுப் பதினான்கு பேரும் தினமும் நின்று பார்த்தார்கள். ஊரும் வயலும் இந்தக் கரையில். பள்ளிக்கூடம், சந்தை, பிரசவ ஆஸ்பத்திரி, சுடுகாடு எல்லாம் அந்தக் கரையில். இடையில் ஒரு கம்பி, கம்பியில் தொங்கும் பெட்டி. உள்ளே குந்திக்கொண்டு கயிற்றை இழுத்து இழுத்துப் போக வேண்டும். கப்பிக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் மாட்டினால் விரல் ஆற்றோடு போகும். ராத்தமாட்டாவில் மாப்பிள்ளைக்குப் பத்து விரலும் இருந்தால் சம்பந்தம் பேசுகிறவர்கள் அதைத் தனியாக எடுத்துச் சொல்வார்கள்.

துல்சா போஹரா அந்த ஊரின் சுகாதாரத் தொண்டர். சம்பளமில்லாத வேலை. நீலப் பையில் இரும்புச்சத்து மாத்திரையும் கத்தரிக்கோலும் இருக்கும். போன வருடம் சாவுன் மாத வெள்ளத்தில், வலி கண்ட ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் அந்தக் கம்பியடியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் அவளைப் படுக்க வைக்க முடியவில்லை. உட்கார வைக்கவும் முடியவில்லை. குழந்தை கரையிலேயே பிறந்து, கரையிலேயே போயிற்று. பொழுது சாய்வதற்குள் தாயும் போனாள்.

இந்த வருடம் துல்சாவின் தங்கை மன்சரா முழுகாமல் இருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மன்சராவின் புருஷன் அசாரில் மலேசியாவுக்குப் போய்விட்டான். துல்சா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிரசவம் வருடக் கடைசியில், சைத் மாதத்தில். அதற்குள் பூட்டுத் திறந்துவிடாதா என்ன?

கேட்டு வரலாம் என்று பெட்டியில் ஏறிப் போனாள்.

அலுவலகத்தில் தலைமை அதிகாரியான ஹாகிம் ரிஷிராம் தவாடி மேஜைமேல் நான்கு பஞ்சாங்கங்களை விரித்து வைத்திருந்தார். சுவரில் மூன்று கடிகாரங்கள், மூன்றும் வேறு வேறு நேரம் காட்டின. ஒன்று தலைநகர நேரம், ஒன்று உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்து ஓடுவது, மூன்றாவது நின்றுபோனது. நின்ற நேரம் நல்ல நேரமாக இருந்ததால் அதை யாரும் தொடவில்லை.

"தங்கச்சி, இது சாவுன். அசார் ஏகாதசியோடயே பகவான் தூங்கப் போயிட்டார். கார்த்திகை ஏகாதசிக்குத்தான் எழுந்திருப்பார். அவர் தூங்கறப்ப நாம பாலம் திறந்தா என்ன ஆகும்?"

"ஜனங்க நடப்பாங்க சார்."

"அதான்! காலடிச் சத்தம்."

"சரிங்க சார். அவரு எழுந்தப்புறம்?"

ஹாகிம் பஞ்சாங்கத்தை அன்போடு தடவினார். "மங்சிர்ல சுக்கிரன் சூரியன் பக்கத்துல போய் மறைஞ்சுடறான். சுக்கிரன் கண்ணுக்குத் தெரியாதப்ப சுப காரியம் கூடாது. அடுத்தது பூஸ், சூரியன் தனுசுல. அதுவும் கூடாது. மாக்ல ஒரே ஒரு நாள் இருக்கு. தங்கமான நாள்."

"அன்னைக்கே திறந்துடுங்க சார்."

"அன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம்."

துல்சா புரியாமல் பார்த்தாள். "சார், பாலத்துக்கா உங்களுக்கா நாள் பாக்கறோம்?"

"ரிப்பன் கத்தரிக்கறது யாரு? நான்தானே! கத்தரிக்கறவனுக்குச் சந்திரன் எட்டுல நின்னா, கத்தரி எங்க போகும்னு சொல்ல முடியாது. நாங்க ஜனங்களோட பாதுகாப்புக்குத்தான் இருக்கோம் தங்கச்சி. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் நாள் குறிச்ச ஒரு பாலமும் இதுவரை இடிஞ்சதில்ல."

"எத்தனை பாலம் சார் திறந்திருக்கீங்க?"

"அது வேற கணக்கு," என்றார் ஹாகிம்.

துல்சா திரும்பப் பெட்டியில் ஏறினாள். நடு ஆற்றில் மழை பிடித்தது.

மங்சிரில், சுக்கிரன் மறைந்திருந்த பத்தாம் நாள், ஜஸ்பீர் போஹரா என்ற பெரியவர் இறந்துபோனார். உயரமான ஆள். பெட்டிக்குள் மடக்கி வைத்தும் கால் வெளியே நின்றது. மகன்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் கதவடிக்கு வந்து நின்றார்கள். தன்பீர் பதறிப்போய் அலுவலகத்துக்குப் போன் போட்டான். ஒரு மணி நேரம் கழித்து வாட்ஸாப்பில் உத்தரவு வந்தது. தன்பீர் அதைச் சத்தமாகப் படித்தான்.

"இறப்புக்கு முகூர்த்தம் தேவையில்லை என்பது சாஸ்திரம். எனவே பிணமும் அதைத் தொடர்ந்து செல்வோரும் பாலத்தைக் கடக்கலாம். பிணம் போகும், திரும்பி வராது. தொடர்ந்து செல்வோர் தீட்டுடன் திரும்புவதால் அவர்கள் வருவதும் வருகையாகாது. ஆகவே பாலம் பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்பட மாட்டாது. பதிவேடு பேணவும்."

அன்று ஊர் முதல்முறையாகப் பாலத்தில் நடந்தது. அழுதவர்கள்கூட நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தார்கள். திரும்பும்போது ஜஸ்பீரின் இளைய மகன் துல்சாவின் காதருகே சொன்னான்: "அப்பா குடுத்து வெச்சவரு சித்தி. விரல் எதுவும் போகாம அக்கரை சேந்துட்டாரு."

அந்த உத்தரவு துல்சாவின் மனதில் எங்கோ ஒட்டிக்கொண்டது.

பாகுன் மாதத்தில் வந்தது அந்தக் கடிதம். சிவப்பு முத்திரை, மஞ்சள் தடவிய ஓரம். பாகுன் வளர்பிறைத் திருதியை அன்று காலை பாலம் திறக்கப்படும். மன்சராவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஊரில் ஆட்டுக்கிடா ஒன்றைக் கழுவி மாலை போட்டுத் தயாராக வைத்தார்கள். துல்சா வீட்டுச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் காலண்டரில் திருதியையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடப் போனாள். முதல் நாள் கட்டத்தில் துவிதியை இருந்தது, அடுத்த நாள் கட்டத்தில் சதுர்த்தி. நடுவில் கட்டமே இல்லை.

காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஓடினாள். ஹாகிம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓ, பாத்துட்டியா," என்றார் கொஞ்சமும் கலங்காமல். "அது க்ஷய திதி. சூரியன் உதிக்கறப்ப எந்தத் திதி நடக்குதோ, அதுதான் அந்த நாளோட பேரு. திதி இருபத்தாறு மணி நேரமும் இருக்கும், பத்தொம்பது மணி நேரமும் இருக்கும். இந்தத் திருதியை காலைல ஏழு பத்துக்கு, சூரியன் உதிச்ச பிறகு தொடங்குது. மறுநாள் உதிக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சுடுது. எந்தச் சூரியனையும் அது பாக்கல."

"அப்ப அந்த நாள் எப்ப சார் வரும்?"

"வராது."

"வராத நாளையா குறிச்சீங்க?"

"முகூர்த்தத்துல தப்பே இல்ல தங்கச்சி. லக்னம் சுத்தம், நட்சத்திரம் ரேவதி, இப்படி ஒரு முகூர்த்தம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை அமையும். முகூர்த்தம் பிரமாதம். நாள்தான் இல்ல."

"ஏழு பத்துலேர்ந்து ராத்திரி பூரா அது ஓடிட்டுத்தானே சார் இருக்கும்? ஓடறப்ப திறந்துட்டா?"

"ஓடும். ஆனா பேர் இல்லாம ஓடும். கடிதத்துல 'திருதியை நாளன்று'ன்னு போட்டிருக்கு. அந்த நாள் வராம நான் எப்படி வர்றது?"

"கடிதத்தை மாத்துங்க சார்."

"கடிதம் மாத்தணும்னா முதல்ல அது தப்புன்னு ஆகணும். தப்பான நேரத்தை இந்த அலுவலகம் எப்பவும் குறிச்சதில்ல." அவர் டம்ளரை வைத்தார். "அடுத்தது சைத். அதுல சுப காரியம் எதுவும் கூடாது. அப்புறம் பைசாக் பாக்கலாம்."

"என் தங்கச்சிக்குச் சைத்துல பிரசவம் சார். போன வருஷம் ஒருத்தி அந்தக் கம்பியடியிலயே செத்தா."

ஹாகிமின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. நின்றுபோன கடிகாரத்தை அவர் ஒரு கணம் பார்த்தார். "முன்னாடியே எங்கிட்ட வந்திருந்தா, எப்ப முழுகாம ஆகறதுன்னு நாள் குறிச்சுக் குடுத்திருப்பேன்," என்றார்.

துல்சா காலண்டரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பெட்டியில் ஏறி, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து, நிறுத்தினாள். பக்கத்தில் பாலம். பலகைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இதுவரை ஒரே ஒருத்தர்தான் அதில் மரியாதையாகப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை அவள் இறந்துபோனாள்.

பச்சை மூங்கில் பாடையில் மஞ்சள் துணி போர்த்தி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் ஒருவன் சங்கு ஊதினான். பின்னால் பள்ளிப் பைகளோடு முப்பது பிள்ளைகள், இஞ்சி மூட்டைகளோடு பெரியவர்கள். தன்பீர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"யாரு போயிட்டாங்க?"

"துல்சா," என்றான் பாடை தூக்கியவன்.

"அய்யோ! நேத்துதானே பெட்டியில போனாங்க? என்ன ஆச்சு?"

"க்ஷயம்," என்றாள் துல்சா துணிக்குள்ளிருந்து.

தன்பீர் ஓரடி பின்வாங்கினான். பிறகு குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். "அக்கா, என் வேலைக்கு உலை வெக்காதீங்க."

"உனக்கு வந்த உத்தரவுல பிணம் பேசக்கூடாதுன்னு இருக்கா?"

தன்பீர் போனை எடுத்து இரண்டு முறை படித்தான். "இல்ல."

"மூச்சு விடக்கூடாதுன்னு?"

"அதுவும் இல்ல."

"அப்ப எழுது தம்பி. பிள்ளைங்களுக்கு மணியடிச்சுடும்."

தன்பீருக்கும் ஆற்றின் இந்தப் பக்கத்தில் ஒரு தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். தேதி, நேரம் போட்டு "பிணம் 1, தொடர்ந்து செல்வோர் 47" என்று எழுதிப் பூட்டைத் திறந்தான்.

அதற்குப் பிறகு ராத்தமாட்டாவில் சாவு ஒரு ஒழுங்குக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாவு, சந்தைக்கு ஒரு சாவு, பால்காரர்களுக்கு விடியற்காலையில் ஒன்று. முதுகு வலிக்காரர்களை முதலில் அனுப்பினார்கள். படுத்துப் போவது அவர்களுக்கு இதமாக இருந்தது. திரும்பி வருகையில் பிணமும் தொடர்ந்து செல்வோரில் ஒருவராக நடந்து வந்தது. தன்பீர் வாரம் ஒருமுறை பதிவேட்டைக் கொண்டுபோனான். ஹாகிம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நிர்வாகப் பொறுப்புதான் வந்தது. சுற்றறிக்கைகள் வெளியாயின.

பிணத்தின் முகம் மூடியிருக்க வேண்டும் என்றது முதலாவது. ஊர் மூடியது. சந்திரன் கடைசி ஐந்து நட்சத்திரங்களில் நிற்கும் பஞ்சக நாட்களில் செத்தால் மேலும் ஐந்து சாவு தொடரும் என்பதால், பாடையோடு ஐந்து தர்ப்பைப் பொம்மைகளும் போக வேண்டும் என்றது அடுத்தது. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து பொம்மை முடைந்தார்கள். கைவேலைப் பாடத்தில் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். மூன்றாவது சுற்றறிக்கைதான் கொஞ்சம் கடுமையானது: "ஒரே நபர் ஒரு பட்சத்துக்குள் ஒருமுறைக்கு மேல் இறக்கலாகாது." ஊர்க் கூட்டம் போட்டு முறை வைத்துக்கொண்டார்கள்.

மாவட்டத் தலைநகரில் நடந்த விழாவில் ஹாகிம் தவாடி இதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சை ரேடியோவில் ஊரே கேட்டது.

"பெரியோர்களே! ராத்தமாட்டா என்ற சின்ன ஊரில் நாற்பது நாளில் இருநூற்று எண்பது பேர் இறந்துவிட்டார்கள். ஏன்? திறக்காத பாலத்துக்கு ஆசைப்பட்டார்கள். நல்ல நேரத்துக்குப் பொறுமையாகக் காத்திருந்தால் இத்தனை பேர் இறந்திருப்பார்களா? இந்த அலுவலகத்தைக் கலைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், நாங்கள் இல்லாவிட்டால் இந்தப் பிணங்களை யார் எண்ணுவது?"

பலமான கைதட்டல் கேட்டது. ராத்தமாட்டாவில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிணங்களும் தட்டின.

சைத் பதினான்காம் தேதி பகல் பதினொரு மணிக்கு மன்சராவுக்குப் பனிக்குடம் உடைந்தது.

துல்சா தொட்டுப் பார்த்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. கத்தரிக்கோலும் மாத்திரையும் எதற்கும் உதவாது. "பாடையை எடுங்க," என்றாள்.

வழக்கமான பாடைதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சங்கு ஊதுகிறவனுக்கு மூச்சு வரவில்லை. கதவடிக்கு வந்தபோது தன்பீர் பழக்கத்தில் பதிவேட்டைத் திறந்துவிட்டான். துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அவன் மணிக்கட்டைப் பற்றியது. அந்தப் பிடியில் பேனா விழுந்தது.

"அக்கா," என்றான் தன்பீர், "பிணம் என் கையை உடைக்குது."

"திறடா!" என்றாள் துல்சா.

"போன் பண்ணிக் கேக்கணுமே அக்கா. இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும் பத்ரான்னு ஒரு கெட்ட நேரம். பிணத்தைக்கூட நிறுத்தச் சொல்லி காலைல மெசேஜ்…"

துணிக்குள்ளிருந்து மன்சரா அலறினாள். ஆற்றின் இரைச்சலைத் தாண்டி எதிர்க் கரைப் பாறையில் மோதித் திரும்பி வந்த அலறல். துல்சா குனிந்து ஆற்றுக் கல் ஒன்றைத் தூக்கினாள். தலையளவு கல்.

"உன் ஹாகிம் தூங்கட்டும், சாமி தூங்கட்டும், சுக்கிரன் எங்க வேணா ஒளிஞ்சு கிடக்கட்டும். நீ நகரு. உன்மேல பட்டுடும்."

தன்பீர் நகரவில்லை. அவளையும் கல்லையும் பார்த்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். "பூட்டு அலுவலகத்துச் சொத்து அக்கா, உடைச்சா நான் கணக்கு சொல்லணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தான். பிறகு பாடையின் முன்பக்க மூங்கில் ஒன்றைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு அக்கரைக்கு ஓடினான்.

பன்னிரண்டே கால் மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, இன்னும் அரை மணி போயிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார். தன்பீர் திரும்பிவந்து, கீழே கிடந்த பேனாவைத் துடைத்து, பதிவேட்டில் எழுதினான்: "மன்சரா போஹரா, பிணம் 1."

புது வருடம் பிறந்து, பைசாக் மாதத்தில் அலுவலகம் நாள் குறித்தது. அட்சய திருதியை. எந்தக் காரியத்துக்கும் நாள் பார்க்கவே தேவையில்லாத அந்த ஒரு நாளைக் கண்டுபிடிக்க அலுவலகத்துக்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண்டுபிடித்த பிறகும் அதற்குள் ஒரு நேரம் பார்த்துக் குறித்திருந்தார்கள்: காலை பத்து நாற்பத்தொன்று முதல் பதினொன்று ஐந்து வரை.

தலைநகரிலிருந்து செயலாளர் ஒருவர் வந்தார். இரண்டு கதவையும் திறந்து வைத்து, ஊர்ப்பக்கக் கதவில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். செயலாளரையும் ஹாகிமையும் சுற்றுப் பாதையில், ஒன்றரை நாள் ஜீப்பில், ராத்தமாட்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். திறக்காத பாலத்தில் அவர்கள் எப்படி வர முடியும்?

ஊர் முழுவதும் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். யார் கையிலும் பூ இல்லை.

"பஞ்ச கன்னிகைகள் எங்கே?" என்றார் ஹாகிம். விருந்தாளிக்கு மாலை போட ஐந்து கன்னிப் பெண்கள் நிற்பது வழக்கம். "மணி பத்து நாற்பது! மாலை எங்க? பூரண கும்பம் எங்க?"

துல்சா எழுந்தாள். கையில் துணி சுற்றிய குழந்தை. "எங்களுக்குத் தீட்டு சார்."

"என்ன தீட்டு?"

"முந்தாநேத்துதான் கடைசிச் சாவு. ஊரே ஒரு வம்சம், ஊரே பங்காளி. பதிமூணு நாளைக்குச் சுப காரியத்துல கால் வெக்கக்கூடாது, மாலை தொடக்கூடாது, உப்புகூட வாயில வெக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாத சாஸ்திரமா?"

ஹாகிமின் உதடு அசைந்தது. மறுக்க ஒரு விதியைத் தேடினார். கிடைக்கவில்லை. "சாவுன்னா… அது நிஜமான சாவா?"

"பதிவேட்டுல உங்க கையெழுத்து இருக்கே சார்."

செயலாளர் கையை நீட்டினார். தன்பீர் பதிவேட்டைக் கொடுத்தான். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காற்றில் ரிப்பன் படபடத்தது.

"தவாடி, இரண்டு மாசத்துல முன்னூத்தித் தொண்ணூத்தொரு பிணம். ஊர்ல மொத்தம் எத்தனை பேர்?"

"இருநூத்திப் பதினாலு சார்."

"இந்த ஊர்ல யாராவது உயிரோட இருக்காங்களா?"

ஹாகிம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு. உயிரோடு இருக்கிறார்கள் என்றால், அவர் குறித்த நேரத்துக்கு முன்பே உயிருள்ள மனிதர்கள் பாலத்தில் நடந்திருக்கிறார்கள். இல்லை என்றால், திறந்து வைக்க ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருட சர்வீஸில் எந்தப் பஞ்சாங்கத்திலும் அவர் இதற்குப் பதில் படித்ததில்லை.

"இந்தக் குழந்தை யாரோடது?" என்றார் கடைசியாக, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் போல.

"என் தங்கச்சியோடது. அதோ நிக்கறா பாருங்க. உங்க பதிவேட்டுல சைத் பதினாலு, ஏழாவது வரி. நீங்க கையெழுத்துப் போட்ட பிணம் பெத்த பிள்ளை சார். ஜாதகம் எழுதணும். அம்மா பேருக்குப் பக்கத்துல என்ன போடுவீங்க?"

மன்சரா ஹாகிமை நேராகப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். செயலாளர் பதிவேட்டை மூடினார். மணி பதினொன்று ஐந்தாகி, ஆறாகியது.

"நேரம் போயிடுச்சு," என்றார் ஹாகிம் மெல்லிய குரலில். "அடுத்தது ஜேட்ல…"

துல்சா அதைக் கேட்டு முடிக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ரிப்பனுக்கு அடியில் நுழைந்தாள். மன்சரா பின்னால் போனாள். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள், அப்புறம் இஞ்சி மூட்டைகள், அப்புறம் கழுவி மாலை போட்டுக் காத்திருந்து மாலையைத் தின்றுவிட்ட அந்த ஆட்டுக்கிடா. பாடையை யாரும் எடுத்து வரவில்லை. நடப்பவர்களின் கனத்தில் பாலம் லேசாக ஆடியது.

தன்பீர் பழக்கத்தில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து பேனாவைப் பிடித்தபடி அவள் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா! அக்கா! இன்னைக்கு என்னன்னு எழுத?"

துல்சா நிற்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"சந்தைக்கு உப்பு வாங்கப் போறோம்னு எழுது."